பாதி உருண்டை

இங்கே, அடியில் அடுப்பனல் ஓடித் தரை சூடாக இருக்கிற பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். காலைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். வெளியே காற்று அடிக்கிற அடியில் இன்றைக்கு எந்தப் படகும் கிளம்பப் போவதில்லை. நமக்கும் வேலை இல்லை. சோமோ தீவில் ஒரு மூடுபனிக் காலையில், மல்சூன் என்பவள் வாயைத் திறக்க எடுத்துக்கொண்ட கொஞ்ச நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். மிஞ்சிப் போனால் நாம் ஒரு பேரீச்சம்பழத்தை மென்று விழுங்குகிற நேரம்தான். அதற்குள் ஒரு குழந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடியது.

அப்போது ஜூன் மாதம். பாசி அறுப்புக் காலம். அகலப் பாசியை விடியுமுன் கடலில் அறுத்து, படகு தாழ்கிற அளவுக்கு ஏற்றி வந்து, கூழாங்கல் களத்தில் வலை விரித்து ஒவ்வொரு இலையாகப் பரப்ப வேண்டும். ஆள் நீளத்துக்கு இருக்கும் ஒவ்வொன்றும். ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. வெயில் ஒரே நாளில் காய வைத்தால் கறுப்பாக, மாவு பூத்து வரும். பனி விழுந்தால் தவிட்டு நிறமாகிவிடும், நாய்கூட முகராது.

மல்சூனுக்கு நாற்பத்தெட்டு வயது. புருஷன் கடலோடு போனபின் தம்பி தோக்பேயின் வீட்டுக்கே திரும்பி வந்தவள். தம்பி கடலைப் பார்த்துக்கொள்வான், அவள் களத்தைப் பார்த்துக்கொள்வாள். வீட்டில் எப்போது உலை வைப்பது, கிம்ச்சி ஊறுகாய்ச் சாடியை எந்த நாளில் திறப்பது என்பதெல்லாம் அவள் வாய்ச்சொல். தம்பி பெண்டாட்டி உன்சிம் அமைதியானவள். அவர்களுக்கு ஒரே பெண், நாரே, இரண்டரை வயது.

அன்று தோக்பே முதல் நடையை இறக்கிவிட்டு இரண்டாம் நடைக்குப் போயிருந்தான். களத்தில் மல்சூனும், கூலிக்கு வந்த பக்கத்து வீட்டுக் கப்புனும் குனிந்து பரப்பிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கமிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது.

"அக்கா, பனி கூடுதே. சுருட்டிருவமா?"

"ஏட்டி, பரப்பினதே இப்பதான். ஒம்பது மணிக்குக் கலைஞ்சிரும்."

"பனி உங்ககிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சாக்கும்."

"என் முழங்கால் சொல்லுது. பனி நிக்கும்னா அது விடியிறப்பவே வலிக்கும். இன்னைக்கு வலிக்கல. நீ பேசாம விரி."

உன்சிம் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு களத்து ஓரத்துக்கு வந்தாள். முந்தின நாள் மதியத்திலிருந்து நாரேக்கு உடம்பு சுட்டது. பார்லித் தண்ணீர் கொடுத்தால் துப்பினாள்.

"மதினி, இவளை ஒரு எட்டு நர்ஸம்மாகிட்ட காட்டிட்டு வந்திரட்டுமா? முதுகே கொதிக்குது எனக்கு."

"பிள்ளைன்னா சுடத்தான் செய்யும். நிலையம் திறக்க எட்டரை ஆகும். அதுக்குள்ள இந்த மூணு வரிசையை முடிச்சிட்டா நானே கூட வாரேன். போ, திண்ணையில போட்டுத் தூங்க வை. ரேடியோவைப் போடு, கடல் செய்தி கேக்கணும்."

உன்சிம் திரும்பிப் போனாள்.

மல்சூனுக்கு நர்ஸம்மாவின் மேல் ஒரு கடுப்பு இருந்தது. நர்ஸம்மாவின் பெயர் ஹேரான். அக்கரையிலிருந்து வந்தவள், முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. தீவில் டாக்டர் கிடையாது. இருந்ததெல்லாம் இரண்டு அறை சுகாதார நிலையமும் அவளும்தான். போன குளிர்காலத்தில் ஊர்க் கூடத்தில் பெண்களைக் கூட்டி, குழந்தைக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று ஒரு தலையணையைப் பிள்ளையாக வைத்துச் செய்து காட்டினாள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணி பாருங்கள். கட்டைவிரலை ஊசியால் குத்தாதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், வலிப்புக்கென்று வீட்டில் வைத்திருக்கிற கோரோசனை உருண்டையைக் கண்டிப்பாக வைக்காதீர்கள்.

அப்போது மல்சூன்தான் பின்வரிசையிலிருந்து சொன்னாள். "நர்ஸம்மா, அந்தத் தலையணையை எப்பப் பெத்தீக?"

கூடமே சிரித்தது. ஹேரானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, காது சிவக்க, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மல்சூன் விடவில்லை. "பெத்தவளுக்குத் தெரியாதது பெறாதவளுக்குத் தெரிஞ்சிருக்கு, நல்ல காலந்தான்" என்று இன்னொன்றும் போட்டாள்.

அவள் அப்படிப் பேசியதற்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மகனுக்கும் இதே மாதிரி காய்ச்சலில் வலிப்பு வந்தது. மூன்று வயது. மடியிலேயே போய்விட்டான். சாவுக்கு வந்தவர்கள், "வீட்டுல ஒரு கோரோசனை உருண்டை இருந்திருந்தா பிள்ளை பிழைச்சிருப்பான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அன்றிலிருந்து அவள் இருக்கிற வீட்டில் உருண்டை இல்லாமல் இருந்ததில்லை. தங்க ரேக்கு சுற்றி, மெழுகுக் கூட்டுக்குள் அடைத்து, சிவப்புப் பெட்டியில் வரும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருப்பாள். அது வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவளுக்கு உறக்கம் வரும்.

இரண்டாவது வரிசை பாதி முடிந்திருக்கும். வீட்டிலிருந்து உன்சிம்மின் குரல் வந்தது. கூப்பிடுகிற குரலாக அது இல்லை. மல்சூன் கையிலிருந்த பாசியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

குழந்தை தரையில் கிடந்தது. கண் மேலே செருகி, பல் கிட்டி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ரேடியோவில் ஏழு மணிக் கடல் செய்தி அப்போதுதான் தொடங்கியிருந்தது. தென்மேற்கில் அடர்ந்த பனி, படகுகள் கவனமாக இருக்கவும் என்று ஒரு ஆண் குரல் நிதானமாக வாசித்தது.

"ஏட்டி கப்புன், ஊர்த்தலைவர் வீட்டுக்கு ஓடு. நர்ஸம்மாவை மைக்குல கூப்பிடச் சொல்லு. உன்சிம், நீ போயித் தண்ணி கொண்டா."

இரண்டு பேரும் இரண்டு பக்கம் ஓடினார்கள். மல்சூன் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். மெழுகுக் கூட்டைப் பல்லால் உடைத்தாள். உருண்டையைத் தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் ஊட்ட வேண்டும். அதற்கு நேரம் ஏது? பாதியைக் கிள்ளினாள். ஒட்டுப் பதமாக இருந்தது. கடைவாய் ஓரத்தில் விரலை விட்டு உள்ளே அழுத்தினாள். மிச்சப் பாதியை இடுப்பில் கட்டியிருந்த முன்கட்டுத் துணியில் முடிந்துகொண்டாள்.

கடல் செய்தி முடிவதற்குள் வலிப்பு நின்றது. குழந்தை துவண்டு, ஒரு நீளமான மூச்சை உள்ளே இழுத்தது. உருண்டை வேலை செய்துவிட்டது என்று மல்சூன் நினைத்தாள். இருபத்து நாலு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த ஒரு நிம்மதி அவளுக்கு வந்தது.

அதற்குள் ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது. "நர்ஸம்மா, நர்ஸம்மா. தோக்பே வீட்டுக்கு உடனே வரணும். பிள்ளைக்கு வலிப்பு. வழியில வண்டி வச்சிருக்கவுக ஒதுங்கி விடுங்க." பனிக்குள் அந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

ஹேரான் சைக்கிளில் வந்தாள். தோளில் பை, பின்னால் கயிற்றில் கட்டிய சின்ன ஆக்ஸிஜன் உருளை. காலில் ரப்பர் பூட்ஸ், இரவு உடுப்பின் மேல் வெள்ளைக் கோட்டு. உள்ளே வந்ததும் யாரையும் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து, காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சட்டையைக் கத்தரியால் நீளமாக வெட்டி நெஞ்சைத் திறந்தாள்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

மல்சூன்தான் சொன்னாள். "கடல் செய்தி தொடங்கறப்ப. முடியறதுக்குள்ள நின்னுட்டு."

"அப்ப நாலு நிமிஷம். நல்லாச் சொன்னீங்க." ஹேரான் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நின்னு பத்து நிமிஷம் ஆச்சு. இந்நேரம் மூச்சு அமைதியா வரணுமே."

மூச்சு அமைதியாக வரவில்லை. உள்ளே இழுக்கும்போதெல்லாம் கெட்டில் கொதிக்கிற மாதிரி ஒரு கீச்சு. விலாவுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து போனது. உதட்டைச் சுற்றி நீலம் ஓடியிருந்தது. ஹேரான் ஆக்ஸிஜன் முகமூடியைப் பிடித்தாள். நீலம் குறையவில்லை. தாடையைத் தூக்கி, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். எச்சிலும் கொஞ்சம் ரத்தமும்தான் தெரிந்தது. நாக்கைக் கடித்திருந்தது.

"வாயில ஏதாவது போச்சா? சோறு, பயறு, மருந்து, பாசித் துண்டு?"

"இல்ல நர்ஸம்மா," என்றாள் உன்சிம். "நேத்துலருந்து ஒன்னும் தின்னல."

"வலிப்பு வந்தப்ப? யாராவது ஏதாவது வச்சீங்களா?"

"தண்ணி எடுத்திட்டு வந்தேன். குடுக்கல. அதுக்குள்ள நின்னுட்டு."

மல்சூன் சுவரோரம் நின்றாள். அவளை யாரும் கேட்கவில்லை. கேள்வி எல்லாருக்கும் பொதுவாக வந்தது, உன்சிம் அதை வாங்கிப் பதில் சொல்லிவிட்டாள். முடிந்தது. உருண்டை கரைந்திருக்கும் என்று மல்சூன் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது மருந்துதானே. மருந்து எங்கே போய் அடைக்கும்?

குழந்தையின் இடது கை லேசாகத் துடித்தது. பிறகு காலும்.

ஹேரான் பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து உடைத்தாள். ஊசி இல்லாத சிரிஞ்சில் மருந்தை இழுத்தாள். இழுத்தபடியே, அவசரமில்லாத குரலில் சொன்னாள். "நாரே அம்மா, கேட்டுக்கிடுங்க. இது மறுபடியும் வலிப்புன்னா, இந்த மருந்தைப் பின்வழியா ஏத்தணும். வலிப்பை அடக்கிரும். ஆனா மூச்சையும் கொஞ்சம் அடக்கும். தொண்டையில ஏதாவது இருந்து, அதனால மூச்சு முட்டிக் கை கால் துடிக்குதுன்னா, இது ஆகாது. பிள்ளை போயிரும். எனக்கு வெளியிலருந்து ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன்."

உன்சிம் தலையை ஆட்டினாள். "ஒன்னும் வைக்கல நர்ஸம்மா. ஏத்துங்க. சீக்கிரம் ஏத்துங்க."

ஹேரான் குழந்தையின் காலைத் தூக்கினாள்.

மல்சூனின் கை முன்கட்டுத் துணியிலிருந்த முடிச்சைப் பிடித்திருந்தது. விரல் நுனியில் தங்க ரேக்கு ஒட்டிப் பளபளத்தது. தலையணையை எப்போது பெற்றீர்கள் என்று கேட்ட நாக்கு அதே வாய்க்குள்தான் கிடந்தது. அன்று கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசிய அந்த நாக்கு இப்போது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சொன்னால் பிள்ளையைக் கொன்றவள் ஆவாள். சொல்லாவிட்டாலும் அதேதான், ஆனால் யாருக்கும் தெரியாது. இரண்டையும் அவள் நின்ற நிலையில் எடை போட்டாள். அதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். எடை போட்டேன் என்று மறைக்காமல் சொன்னாள்.

"நர்ஸம்மா," என்றாள். "நிறுத்துங்க."

ஹேரானின் கை நின்றது.

"பாதி உருண்டை. கோரோசனை. நான்தான் வச்சேன்."

"மதினி," என்றாள் உன்சிம்.

ஹேரான் சிரிஞ்சைக் கீழே வைத்தாள். மல்சூனின் முகத்தைப் பார்க்கவில்லை. "கரைச்சா, அப்படியேவா?"

"அப்படியே."

"எவ்வளவு பெருசு?"

மல்சூன் முடிச்சை அவிழ்த்து மிச்சப் பாதியைக் காட்டினாள். ஹேரான் ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். ஒரு முழங்காலை ஊன்றி, மறு தொடையின் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டாள். தலை தாழ்ந்து தொங்கியது. தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு உள்ளங்கையின் அடியால் தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒன்றும் வரவில்லை. புரட்டினாள். கீச்சுச் சத்தம் இப்போது நின்றிருந்தது. அது நல்லதுக்கு நின்றது இல்லை. தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக அமுக்கினாள், ஐந்து தடவை. மறுபடி குப்புற. மறுபடி அடி.

மூன்றாவது அடியில் கறுப்பாக ஏதோ தரையில் விழுந்தது. அவரை விதை அளவுதான். ஒரு பக்கம் தங்கம் மினுங்கியது. அறை முழுக்க மருந்து வாசனை அடித்தது.

எல்லாரும் குழந்தையைப் பார்த்தார்கள். அது சும்மா கிடந்தது. பிறகு இருமியது. பிறகு அழுதது. முதலில் கரகரப்பாக, அப்புறம் களத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படியாக.

ஹேரான் வாய்க்குள் இன்னொரு தடவை டார்ச் அடித்தாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து முகமூடியைப் பிடித்தாள். உதடு மெல்ல மெல்ல நிறம் மாறிற்று. கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதினாள்.

"அழட்டும்," என்றாள். "அழற வரைக்கும் எனக்கு வேலை கம்மி."

அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. துணுக்கு ஏதாவது நெஞ்சுக்குள் இறங்கியிருக்கலாம், காய்ச்சலும் விடவில்லை. தலைவர் வீட்டுத் தொலைபேசியில் கடற்காவல் படகைக் கேட்டார்கள். பனி விலகினால் வருகிறோம் என்றார்கள். அதுவரை ஹேரான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து அக்குளையும் தொடை இடுக்கையும் துடைத்தாள். கால் மணிக்கொரு தடவை மூச்சை எண்ணினாள். கப்புன் பாசிக் குழம்பும் பார்லிச் சோறும் கொண்டுவந்து வைத்தாள். ஹேரான் ஒரு கையை நாரேயின் முதுகில் வைத்தபடியே மறு கையால் அள்ளிச் சாப்பிட்டாள்.

மல்சூன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். களத்துப் பாசி கண்ணெதிரே தவிட்டு நிறமாகிக்கொண்டிருந்தது. கப்புனும் இன்னும் நாலு பேரும் சுருட்டினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

ஒன்பது மணிக்குமேல் தோக்பே கரை சேர்ந்தான். பனிக்குள் மற்றப் படகுகள் தகரம் தட்டிய சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்தவன். வாசலில் அக்காளைப் பார்த்து நின்றான்.

"என்னக்கா?"

"பிள்ளைக்கு வலிப்பு வந்திச்சி. நான் வாயில உருண்டையை வச்சேன். தொண்டையில அடைச்சிருச்சி. நர்ஸம்மா எடுத்தா." ஒரே மூச்சில் சொன்னாள்.

அவன் உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்தான். திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்த தண்ணீரைக் கவிழ்த்தான். பிறகு சொன்னான். "எனக்கும் சின்னதுல நீதானே வச்சே."

"உனக்குக் கரைச்சுக் குடுத்தேன்."

"கசந்திச்சி."

"கசக்கத்தான் செய்யும். ஏல, போய்ச் சட்டையை மாத்து."

பனி பதினொரு மணிக்குத்தான் கலைந்தது. அவள் முழங்கால் பொய் சொல்லியிருந்தது. படகு வந்தது. தாயும் தகப்பனும் நர்ஸும் பிள்ளையோடு ஏறினார்கள். ஹேரான் படகின் நடுவில் கால் பரப்பி நின்று ஆக்ஸிஜன் உருளையைத் தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டாள். கயிறு அவிழ்க்கும்போது உன்சிம் கரையைப் பார்த்து, "மதினி, கோழிக்குத் தவிடு வைக்கல" என்றாள். அன்றைக்கு அவள் மல்சூனிடம் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

மல்சூன் கோழிக்குத் தவிடு வைத்தாள். நெஞ்சுப் படபடப்புக்கும் பெரியவர்கள் அதே உருண்டையைத்தான் குடிப்பார்கள். முடிச்சிலிருந்த மிச்சப் பாதியை எடுத்து, கரண்டியில் போட்டு, தண்ணீர் விட்டுக் கட்டி இல்லாமல் கரைத்து, தானே குடித்தாள்.

நான்காம் நாள் எல்லாரும் திரும்பினார்கள். நெஞ்சில் ஒன்றும் இறங்கவில்லை. காதில் சீழ், அதுதான் காய்ச்சல். மறுநாள் காலை நிலையம் திறக்குமுன்னே மல்சூன் வாசலில் நின்றாள். கையில் ஒரு சட்டி சிப்பிக் கஞ்சி.

"நர்ஸம்மா, அன்னைக்கு நோட்டுல என்னமோ எழுதினீகளே."

"ஆமா."

"வாசிங்க. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமாகும்."

ஹேரான் எடுத்து வாசித்தாள். வலிப்பு ஏழு மணி, நாலு நிமிஷம். மூச்சு அடைப்பு. ஏழு இருபதுக்கு அடைப்பு நீங்கியது. மருந்து உருண்டை. அத்தை சொன்னதால் தெரிந்தது.

"வச்சது யாருன்னு?"

"அது எழுதலையே."

"எழுதலையா, எழுத மறந்திட்டீகளா?"

"அக்கா, அடுத்துப் பாக்குற டாக்டருக்கு என்ன வேணுமோ அதை எழுதுவேன். என்ன அடைச்சுது, எப்ப எடுத்தது. அதை யார் சொன்னாங்கன்னும் அவருக்குத் தெரியணும், அப்பத்தானே நம்புவார்." கஞ்சிச் சட்டியைத் திறந்து முகர்ந்தாள். "மிச்சப் பாதி எங்க?"

"நான் குடிச்சிட்டேன்."

"கரைச்சா, அப்படியேவா?"

மல்சூன் அவளை முறைத்தாள். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் ஊர்க் கூடத்தில் மறுபடி கூட்டம் போட்டார்கள். ஹேரான் தலையணையைத் தொடையில் குப்புறப் போட்டு, எங்கே அடிப்பது என்று காட்டினாள். "இந்த வருஷம் ஒரு வீட்டுல ஒரு பிள்ளைக்கு" என்று ஆரம்பித்தாள். பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

மல்சூன் எழுந்தாள். "ஒரு வீடு என்ன ஒரு வீடு? எங்க வீடு. பிள்ளை நாரே. வச்சது நான்." முன்னால் நடந்து வந்து தலையணையை ஹேரானிடமிருந்து வாங்கினாள். "பெறாதவ சொன்னதை நீங்க கேட்டாச்சு. பெத்தவ செஞ்சதை இப்ப நான் சொல்லுதேன். சிரிக்கிறவுக இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க."

யாரும் சிரிக்கவில்லை. உன்சிம் நாரேயை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். தன் பெயரைக் கேட்ட பிள்ளை எழுந்து, அத்தையிடம் போய், தலையணையைப் பிடுங்கப் பார்த்தது. கிடைக்காத ஆத்திரத்தில் கூடம் அதிர அழுதது. மல்சூன் அந்த அழுகை முடிகிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் பேச ஆரம்பித்தாள்.

கதை இவ்வளவுதான். போர்வையை நல்லா இழுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுத் தரை குளிரில் சூடாறாமல் இருக்கட்டும். உங்கள் களத்துப் பாசி கறுத்துக் காயட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அழுதால் மூன்று வீடு தள்ளிக் கேட்கட்டும். என்றைக்காவது உங்கள் கை தவறினாலும், வாய் நேரத்துக்குத் திறக்கட்டும்.